ஒற்றைக் கண்ணுக்கு ஒரு சினிமா

ஷங்கரின் '2.0' படம் 2018 நவம்பர் 29 அன்று வெளியானது. நேரடியாகவே முப்பரிமாணத்தில் எடுத்த படம். பேரன் தன் முதல் சம்பளத்தில் என்னைத் திருமயத்திலிருந்து திருச்சிக்குக் கூட்டிப் போனான். செல்போன்கள் பறவைக் கூட்டம் போல் பறந்து வந்தபோது தியேட்டரே அலறியது. நான் மட்டும் சும்மா இருந்தேன். கண் அழுத்த நோயில் என் இடது கண் பார்வை எப்போதோ போய்விட்டது. இரண்டு கண்ணும் வெவ்வேறு படம் பார்த்தால்தானே ஆழம் தெரியும்! ஆனாலும், "பிரமாதம்டா தம்பி" என்றேன்.

போன வாரம் அதே படத்தை வீட்டு டிவியில் போட்டான். முதலில் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடியது. டிவியே இடையிடையே படங்களை உண்டாக்கிச் செருகுகிறதாம். அந்த வசதியை அணைத்ததும் வினாடிக்கு 24 படம் ஓடும் பழைய சினிமா திரும்பி வந்தது.

பிறகு படம் எடுத்த விதத்தைக் காட்டும் வீடியோவையும் போட்டான். "வலது கண்ணுக்கு ஒரு கேமரா, இடது கண்ணுக்கு ஒரு கேமராய்யா" என்று விளக்கினான். அப்போதுதான் திருச்சியில் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இந்த டிவியில எனக்கும் தட்டையாத்தான்யா தெரியுது" என்று சொல்லி, படத்தை முதலிலிருந்து போட்டான்.