பூனைக்குட்டிக்கும் ஒரு மறைவிடம்

பூனை நடமாடாத வீட்டை நம் ஊர்களில் காண்பது அரிது. மீன் வெட்டும் இடத்தில் ஒன்று, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒன்று, வாசற்படியில் ஒன்று என்று அவை நம்மோடு சேர்ந்தே வாழ்கின்றன. ஆனால் அதே பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டிகள் நடக்கத் தொடங்கி, பாயிலும் மெத்தையிலும் அசுத்தம் செய்ய ஆரம்பித்ததும் நம் மனம் மாறிவிடுகிறது. ஒரு சாக்குப் பை, ஒரு சைக்கிள், பிறகு மீன் சந்தை அல்லது ஆற்றங்கரை. "எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்" என்று நமக்கு நாமே ஆறுதலும் சொல்லிக்கொள்கிறோம். தாயில்லாத ஐந்து வாரக் குட்டி தெருவில் பிழைப்பது எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியாததல்ல.

சகோதரிகளே, இந்தக் குட்டிகளில் பல வீசப்படுவதற்குக் காரணம் அவற்றின் கெட்ட குணமல்ல. வீட்டுக்குள்ளே அவற்றுக்கென்று ஒரு மறைவிடம் இல்லாததுதான் காரணம். மண்ணைத் தோண்டி, அதில் இருந்து, பிறகு மூடிவிட்டுப் போவது பூனையின் பிறவிப் பழக்கம். அதற்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது மிகக் கொஞ்சம். தோண்டுவதற்கு ஏற்ற ஒரு பொருளையும் பயமில்லாத ஓர் இடத்தையும் கொடுத்தாற் போதும். இதை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

எங்கள் வீடு கிழக்குக் கரையில், கடலுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. ஒரு மாரி காலத்தில் எங்கள் விறகுக் கொட்டிலில் ஒரு பூனை மூன்று குட்டிகளை ஈன்றது. குட்டிகளுக்கு நான்கு வாரம் கடந்திருந்த வேளையில் தாய்ப்பூனை பாதையில் வாகனத்தில் அடிபட்டு இறந்துபோனது. என் இளைய மகள் மூன்று குட்டிகளையும் தாவணியில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். மூன்றாம் நாள் என் மாமியின் தொழுகைப் பாய் நனைந்திருந்தது.

மாமி சத்தம் போடவில்லை. "மகள், எனக்குப் பூனையில கோவமில்ல. சுபஹுக்கு எழும்பி நான் விரிக்கிற பாயில மூத்திரம் இருந்தா நான் என்ன செய்ற? வெள்ளிக்கிழமைக்குள்ள இதுக்கு ஒரு வழி பாருங்க. இல்லாட்டி சந்தையில கொண்டுபோய் விடச் சொல்றன்" என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை. மகள் அலுமாரிக்குப் பின்னால் நின்று அழுதாள்.

மாமியின் பேச்சில் நியாயம் இருந்தது. பூனை வாய் வைத்த தண்ணீர் அசுத்தமாவதில்லை. அபூ கதாதா (ரலி) அவர்கள் வுழூச் செய்யும் தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தையே சரித்துக் கொடுத்த செய்தியை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ்தான். தொழும் வீட்டில் பூனையும் இருக்க வேண்டுமென்றால் இந்த இரண்டுக்கும் தனி இடம் ஒன்று வேண்டும்.

முதலில் குட்டியின் வயதைப் பார்க்க வேண்டும். பிறந்து மூன்று வாரம் வரை பூனைக்குட்டி தானாக மலசலம் கழிப்பதில்லை. தாய் நாவால் நக்கிவிட்டால்தான் கழிக்கும். தாயில்லாத சின்னக் குட்டிகளை வளர்ப்பவர்கள், ஒவ்வொரு முறையும் பால் கொடுத்த பிறகு, இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை மெல்லத் துடைத்துவிட வேண்டும். மூன்று, நான்கு வாரமாகும்போது குட்டி தானாகவே மூலைகளை முகர்ந்து, காலால் பிறாண்டத் தொடங்கும். தட்டு வைக்க வேண்டிய காலம் அதுதான். எங்கள் குட்டிகளும் அந்த வயதிலேதான் இருந்தன.

வீடு முழுவதும் ஓடித்திரியும் குட்டிக்குத் தட்டு இருக்கும் இடம் நினைவில் நிற்காது. ஆகவே சாமான் அறையை ஒதுக்கி, குட்டிகளைச் சில நாட்களுக்கு அங்கே வைத்தோம். தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் பூனையைக் கட்டி வைத்த பெண்ணுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். எனவே அறையின் ஒரு பக்கம் தண்ணீர், தீனி, படுக்கப் பழைய துணி எல்லாம் வைத்தோம். எதிர்ப்பக்க மூலையில் தட்டு. சாப்பிடும் இடத்துக்குக் கிட்ட எந்தப் பூனையும் மலம் கழிக்க விரும்பாது. ஆள் நடமாட்டமும் இரைச்சலும் உள்ள இடமும் அதற்கு ஆகாது.

தட்டு என்பது பெரிய காரியமல்ல. விளிம்பு இரண்டு அங்குல உயரமுள்ள பழைய பிளாஸ்டிக் தட்டம் ஒன்றை எடுத்தோம். குட்டியின் குட்டைக் கால்கள் ஏறி இறங்கும் உயரமாக இருக்க வேண்டும். வளர்ந்த பூனைக்கானால் அதன் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமான பேசன் நல்லது.

தட்டுக்குள் எதைப் போடுவது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்கத்து வீட்டு ராத்தா அடுப்புச் சாம்பலைச் சொன்னார். சாம்பல் நனைந்தால் காரமாகிவிடும். பூனை தன் பாதத்தை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி என்பதால் அது வயிற்றுக்குள் போகும். அத்தோடு வீடெல்லாம் சாம்பல் கால்தடம் பதியும். சாம்பலின் இந்தத் தொல்லையிலிருந்துதான் கடைகளில் விற்கும் 'கெட் லிட்டர்' பிறந்தது. 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பூனைக்குச் சாம்பல் போட்டு அலுத்துப்போன அயல்வீட்டுப் பெண்ணுக்கு எட்வர்ட் லோ என்பவர் ஈரத்தை உறிஞ்சும் களிமண் குறுணலைக் கொடுத்தார். பிறகு அதுவே பெரிய வியாபாரமாகியது.

இப்போது நம் நாட்டுக் கடைகளிலும் அது பல வகையாகக் கிடைக்கிறது. வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈரம் பட்டதும் உருண்டு கட்டியாகும் களிமண் வகை வளர்ந்த பூனைக்கு வசதியானது. சின்னக் குட்டியோ எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். அந்தக் களிமண் வயிற்றுக்குள் ஊறிக் கட்டியானால் குடல் அடைத்துக்கொள்ளக்கூடும். எனவே இரண்டு, மூன்று மாதமாகும் வரை கட்டியாகாத வகையே பாதுகாப்பு. வாசனை கலந்ததும் வேண்டாம். நமக்கு மணமாக இருப்பது பூனையின் கூரிய மூக்குக்குத் தாங்காது. தட்டை விட்டே அது விலகிப் போகும்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது இறக்குமதிச் சாமான்கள் விற்ற விலையை நாம் மறந்துவிடவில்லை. கையெட்டும் தூரத்தில் கிடைப்பதைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பது எப்போதும் நல்லது. அரிசி ஆலையிலிருந்து உமி கொண்டு வந்து போட்டோம். குட்டிகள் கால் வைத்துப் பார்த்து, குத்துகிறது போலும், வெளியே வந்துவிட்டன. பொடி மரத்தூள் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் தூசு கிளம்பி மூக்கிலும் கண்ணிலும் படும். மருந்தடித்த பலகையின் தூளோ அறவே கூடாது. தும்புத்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும். நனைந்த பின் பாதத்தில் ஒட்டித் தரையில் கறை வைப்பதுதான் அதிலுள்ள குறை. பத்திரிகைத் தாளைக் கிழித்துப் போட்டாலும் ஆகும். அதை ஒரு நாளில் பல தடவை மாற்ற வேண்டி வரும்.

வழி சொன்னவர் மாமிதான். திங்கட்கிழமை மாலை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "இதுகள்ற தாய் எங்க போறது என்டு நீங்க பாக்கலையா மகள்? மதில் கட்ட இறக்கின மணல் கும்பியிலதான். குட்டிகளும் அதுக்குப் பின்னால போறதக் கண்டிருக்கன்" என்றார். குட்டிகள் தாயைப் பார்த்துத்தான் பழகுகின்றன. அதிலும் பூனைகள் பொதுவாக மென்மையான, பொடியான மண்ணையே விரும்புகின்றன. பூனை போகும் கும்பியின் மேல் மணலில் பூச்சி முட்டைகள் இருக்கக்கூடும். ஆகவே அடிப்பக்கத்து மணலை எடுத்து, அரித்து, கழுவி, வெயில் கண்ட நேரமெல்லாம் காய வைத்தோம். பிள்ளைகள் விளையாடும் மணலை எப்போதும் தறப்பாளால் மூடி வைக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தட்டில் அடியில் பத்திரிகைத் தாள், அதற்கு மேல் ஒன்றரை அங்குலம் மணல், தட்டுக்கு முன்னால் கால் துடைக்க ஒரு சாக்குத் துண்டு. அவ்வளவுதான்.

இனிப் பழக்குவது. தூங்கி எழுந்ததும், தீனி தின்று சற்று நேரத்திலும், விளையாடி ஓய்ந்ததும் குட்டிக்கு மலசலம் வரும். அந்த நேரங்களில் மகள் குட்டிகளைத் தூக்கித் தட்டில் விட்டு, தன் விரலால் மணலைக் கிளறிக் காட்டுவாள். குட்டியின் காலைப் பிடித்துத் தோண்ட வைக்கக் கூடாது, அது பயந்துவிடும். வேறிடத்தில் சிறுநீர் கழித்தால், அதைத் துடைத்த தாளில் ஒரு துண்டைத் தட்டில் வைத்தோம். வாசனையைப் பிடித்துக்கொண்டு குட்டி அங்கே வரும். பிழை செய்த குட்டியின் மூக்கை அந்த இடத்தில் தேய்ப்பது நம்மிடையே உள்ள பழைய வழக்கம். அதனால் குட்டி தட்டுக்குப் போகப் பழகாது. நம் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போவதற்குத்தான் பழகும்.

புதன்கிழமைக்குள் இரண்டு குட்டிகள் பழகிவிட்டன. மூன்றாவது, கறுப்பும் வெள்ளையுமான பயந்த குட்டி. அது திரும்பத் திரும்பக் கதவின் பின்னாலேயே போனது. நாங்கள் அதோடு மல்லுக்கட்டவில்லை. கதவின் பின்னாலேயே இன்னொரு தட்டை வைத்தோம். வளர்ந்த பூனைகள் எத்தனையோ, அதைவிட ஒரு தட்டு கூடுதலாக வைப்பது நல்லதென்பார்கள். ஒரே அறையில் இருந்த சின்னக் குட்டிகள் மூன்றுக்கும் இரண்டு போதுமாயிற்று.

அடுத்த நாள் ராத்தா அன்போடு பசுப்பால் கொண்டு வந்தார். வாங்கித் தேநீருக்கு வைத்துக்கொண்டேன். பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டம் உண்டாக்கும். வயிறு கலங்கிய குட்டிக்குத் தட்டு வரை ஓட நேரமிருக்காது. எங்கள் குட்டிகளுக்கு உப்பில்லாமல் அவித்து, முள் நீக்கி மசித்த மீனைக் கொடுத்தோம். பழகிய பூனை திடீரென்று தட்டை விட்டு வெளியே போனால் நோயாக இருக்கலாம். சிறுநீர் வராமல் முக்கினால், குறிப்பாகக் கடுவன் பூனையானால், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து.

சுத்தம் செய்வதிலும் கவனம் தேவை. காலையும் மாலையும் இதற்கென்றே வைத்த கரண்டியால் அள்ளிவிட்டு, குறைந்த மணலுக்குப் புது மணல் போட வேண்டும். சில நாட்களுக்கு ஒரு முறை முழு மணலையும் மாற்றித் தட்டைச் சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு கழுவினாற் போதும். தண்ணீரில் விட்டதும் பால் போல வெண்மையாகும் கிருமிநாசினியைத் தட்டுக்கும் பூனை நடக்கும் தரைக்கும் பாவிக்க வேண்டாம். அவ்வகை மருந்துகளை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. அமோனியா கலந்தவையும் வேண்டாம். அதன் வாடை சிறுநீரைப் போலிருப்பதால் பூனை மறுபடியும் அதே இடத்துக்கு வரும். அள்ளியதைக் கீரைப் பாத்தியிலோ கிணற்றடியிலோ போடாமல், பையில் கட்டிக் குப்பையோடு அனுப்பலாம், அல்லது தள்ளி ஆழமாகப் புதைக்கலாம்.

கர்ப்பிணிகள் உள்ள வீடுகளில் பூனையை உடனே துரத்திவிடச் சொல்வார்கள். சில பூனைகளின் மலத்தில் வெளியேறும் டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் அது மலத்தோடு வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாள் சென்ற பிறகே தொற்றும் நிலையை அடைகிறது. அன்றன்று தட்டைச் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். அந்த வேலையைக் கணவரோ வளர்ந்த பிள்ளைகளோ செய்யட்டும். வேறு ஆளில்லாவிட்டால் கையுறை போட்டுச் செய்து, பின் சவர்க்காரத்தால் கைகழுவ வேண்டும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத மரக்கறி, தோட்டத்து மண் ஆகியவற்றாலும் அதே கிருமி வருகிறது. பூனையைத் துரத்திவிட்டு இவற்றை மறந்தால் பயனில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாமி பாயை விரித்துத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. தொழுது முடித்துச் சாமான் அறைப் பக்கம் போனவர், கறுப்பு வெள்ளைக் குட்டி தட்டில் ஏறி, இருந்து, மூன்று தடவை மணலை இழுத்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இதுகளுக்கும் வெக்கம் இருக்கி" என்றார். சந்தையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

குட்டிகளுக்கு ஒன்பது வாரமானபோது இரண்டைக் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்தோம். பயந்த குட்டி எங்களோடு தங்கிவிட்டது. புது வீட்டுக்குப் போகும் குட்டிக்கு எல்லாமே அந்நியம். பழகிய மணலின் வாசனை மட்டுமாவது கூடப் போனால் அது தடுமாறாது. கூடையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர்களை மாமியே நிறுத்தி, ஆளுக்கொரு பை மணலைக் கையில் கொடுத்தார்.

"குட்டிய மட்டும் கொண்டு போகாதீங்க, மணலையும் கொண்டு போங்க. ஒரு கிழமைக்கு இத மாத்த வேணாம். பொறகு வேற எதையும் போடுறென்டா, இதோட கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து போடுங்க."