அயனாவரம் சந்தில் ஓர் ஆயில் மாற்றம்

சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டை யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஜி.பி. ரோடு, அவ்வளவுதான். பழைய உதிரிபாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை, புதிது வேண்டுமென்றால் ஜி.பி. ரோடு என்பது சென்னையில் வண்டி வைத்திருப்பவர்களின் கணக்கு. சனிக்கிழமை மாலை அங்கே ஒரு கடை வாசலில் நான் நின்றது என் வண்டிக்காக அல்ல. அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லித்தரும் ஒரு ஆசிரியை, தன்னுடைய பழைய வேகன் ஆர் காரைத் தானே சர்வீஸ் செய்கிறார் என்று கேள்விப்பட்டுக் கூடவே போயிருந்தேன்.

கடைக்காரர் துண்டுச்சீட்டைப் படித்தார். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ட்ரெயின் நட்டுக்கு வாஷர், ஏர் ஃபில்டர், கூலன்ட்.

"எந்த ஒர்க் ஷாப்புக்கும்மா?"

"வீட்டுக்குத்தாண்ணே. நான்தான் மாத்துறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் இரண்டு ஆயில் ஃபில்டர்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று கம்பெனிப் பெட்டியில், இன்னொன்று விலை குறைவு. ஆசிரியை முதலில் பார்த்தது விலையை அல்ல. பெட்டியில் அச்சாகியிருந்த பாக எண்ணைத் தன் கைபேசியில் குறித்திருந்த எண்ணோடு ஒப்பிட்டார். எழுத்து மங்கலாக இருக்கிறதா, ஒட்டுத்தாள் மேல் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான் பணம்.

இப்படிக் கடையில் போய்ப் பாகம் வாங்குவது எல்லாக் கார்களுக்கும் இயல்பான காரியமாக இருந்ததில்லை. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்று சொல்லி, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்த வழக்கு வேறு கதை. ஆனால் வண்டியை வாங்கியவனுக்கு அதைத் திறந்து பார்க்கும் உரிமை உண்டா என்ற கேள்வி இந்த நாட்டில் சட்டப்படி எழுந்த கேள்வி என்பதைக் கடை வாசலில் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அயனாவரத்தில் அவர் வீட்டுச் சந்துக்குப் போனபோது வேலை தொடங்கியிருந்தது. ஏன் இவ்வளவு சீக்கிரம் என்றேன். "பத்து மணிக்கு மேல இந்தச் சந்துல பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க சார். அதுவுமில்லாம டயர் சூடாறதுக்குள்ள காத்து பார்க்கணும்."

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பார்க்கும் அளவுதான் சரியான அளவு. ஓடிய டயரில் காற்று சூடேறி முள் கூடுதலாகக் காட்டும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து நிரப்பக் கூடாது. பெட்ரோல் பங்கில் "எவ்ளோ வைக்கட்டும் சார்?" என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் பேந்தப் பேந்த விழிப்பது இந்தத் தாளைப் படிக்காததால்தான்.

டயரில் இன்னொரு எண்ணையும் காட்டினார். 2321 என்று நான்கு இலக்கம் இருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர். புது டயர் என்று சொல்லிப் பழைய சரக்கைத் தள்ளிவிடும் கடையில் இந்த நான்கு இலக்கம் போதும். பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடு ஒன்று இருக்கிறது. டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர், காருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை அதோடு முடிகிறது.

இதற்குள் அவருடைய அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். மாநகரப் போக்குவரத்துக் கழக டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, காது நன்றாகக் கேட்கிறது. ஸ்பேனர் நழுவும் சத்தத்தை வைத்தே, "அது ரிங் ஸ்பேனர் இல்லையே, ஏன் ஓப்பன்ல போட்ட?" என்கிறார்.

வண்டிக்கு அடியில் போக ஜாக்கியை நம்புவதில்லை. தெருமுனை வெல்டிங் பட்டறையில் செய்த இரும்புச் சரிவுகள் இரண்டு. முன்சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி, ஹேண்ட் பிரேக் இழுத்து, முதல் கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுத்தார். பெரியவர் கட்டையைக் காலால் ஒரு தரம் உதைத்துப் பார்த்தார்.

"செங்கல் வெக்கலாமாப்பான்னு கேட்டா அன்னிக்கு. செங்கல் சொல்லிக்காம ஒடையும் தம்பி. ஜாக்கி ஸ்டெப்னி மாட்டத்தான். அதுக்குக் கீழ தலைய விடக் கூடாது."

ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினார்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கொதிக்கக் கொதிக்க இருந்தால் கை போய்விடும். பானெட்டைத் திறந்து மேல் மூடியைக் கழற்றி வைத்தார். பழைய பிளாஸ்டிக் தாம்பாளத்தைத் தள்ளிக்கொண்டு அடியில் நுழைந்தார். ட்ரெயின் நட்டு கடைசி மரையை விடும் நேரத்தில் அதை எண்ணெய்க்குள் தவறவிடாமல் மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே திருகுவதில் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. சட்டென்று விலக்கினார், கறுப்பாக ஒரு தாரை விழுந்தது.

கறுப்பைப் பார்த்து நான் முகம் சுளித்தேன் போலிருக்கிறது. "கறுப்பா இருந்தா ஆயில் வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. கரியையும் அழுக்கையும் படியவிடாமல் தன்னோடு சுமந்துகொள்வதற்காகவே ஆயிலில் மருந்துகள் சேர்க்கிறார்கள். பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு: பாலேடு போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, மின்னும் உலோகத்தூள் இருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. இரண்டில் எது இருந்தாலும் வீட்டு வேலை அங்கே முடிந்தது, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

எண்ணெய் வடியும் நேரத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் வழக்கமான சண்டை. கையேடு சொல்வது 5டபிள்யூ-30 ஆயில். பெரியவருக்கு அது தண்ணீர். சென்னை வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும் என்பது அவர் கட்சி.

"அப்பா, எஞ்சினுக்கு உள்ள சென்னை வெயிலே கெடையாது. ஊட்டிக்குப் போனாலும் தெர்மோஸ்டாட் அதே சூட்டுலதான் வெச்சிருக்கும்."

மகள் சொல்வதுதான் சரி. முதல் எண் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. இந்தக் கால எஞ்சின்களில் இடைவெளிகள் நுட்பமானவை. கெட்டி ஆயில் காலையில் கிளப்பியவுடன் மேலே ஏறச் சுணங்கும், தேய்மானம் அங்கேதான் நடக்கும். பெரியவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவை பெரிய டீசல் எஞ்சின்கள். அங்கே அவர் சொன்னது செல்லும். "என்னமோ பண்ணு" என்று தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ளாமல் டீ கேட்டார்.

பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதோடு வந்ததா, எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டதா என்று விரல் விட்டுத் தடவினார். ஒட்டியிருப்பது தெரியாமல் புதியதை மாட்டினால் ரப்பர் மேல் ரப்பர் உட்கார்ந்து, எஞ்சின் கிளம்பியதும் ஆயில் பீய்ச்சியடிக்கும். புது ஃபில்டரின் வளையத்தில் புது ஆயிலைத் தொட்டுத் தடவி, கையாலேயே திருகி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று. கீழ் நட்டுக்குப் புது வாஷர். "இறுக்கறேன்னு பலத்தக் காட்டினா மரை போயிடும். ஆயில் மாத்த வந்தவன் சம்ப்பே மாத்தணும்" என்றார் பெரியவர், டீயை ஊதிக்கொண்டே.

ஊற்ற வேண்டியது சுமார் மூன்று லிட்டர். சரியான அளவு கையேட்டில் இருக்கிறது. முழுவதையும் கவிழ்க்காமல் கொஞ்சம் மிச்சம் வைத்தார். எஞ்சினைக் கிளப்பி, டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைந்ததும் நிறுத்தி, வண்டியைச் சமதளத்துக்கு இறக்கி, சில நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பார்த்தார். சரிவில் நிற்கும் வண்டியில் அளந்தால் பொய்க்கணக்கு. இரண்டு கோட்டுக்கு நடுவே நின்றால் சரி. மேல் கோட்டைத் தாண்டினால் நல்லதல்ல. கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. ஏர் ஃபில்டர் பெட்டியில் தூசியோடு ஒரு கைப்பிடி வேப்பிலைச் சருகு. எலி கூடு கட்டப் பார்த்திருக்கிறது. பக்கத்தில் மெட்ரோ வேலை நடப்பதால் கையேட்டில் சொன்னதற்கு முன்பே ஃபில்டரை மாற்ற வேண்டியிருக்கிறதாம். எலிக்குப் பெரியவர் வைத்தியம் புகையிலை. நான் பார்த்தபோது புகையிலைப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே எலிப்புழுக்கை கிடந்தது.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுடுதண்ணீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவினார். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். அப்படிச் செய்தால் பிளஸ்ஸைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. கூலன்ட் டப்பாவில் கோடுவரை ஊற்றினார். சந்தில் எல்லா வீட்டிலும் போர் தண்ணீர். அதை ஊற்றினால் ரேடியேட்டருக்குள் உப்பு படியும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். சிந்திய நாலு சொட்டை அவர் உடனே துடைத்தார். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். பூனை நக்கினால் சிறுநீரகம் போய்விடும்.

பிரேக் பேடை டார்ச் அடித்துப் பார்த்ததோடு சரி; பிரிக்கவில்லை. பிரேக், ஏர்பேக், ஏ.சி. கேஸ் மூன்றையும் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறார். மின்சாரக் காராக இருந்தால் ஆரஞ்சு நிற ஒயர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாரண்டி இருக்கும் புதுக் காருக்கு ஆயில் மாற்றும் வேலையும் வேண்டாம் என்பேன். டயர், பேட்டரி, கூலன்ட் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். லேபர் சார்ஜ் மிச்சம், அதில் ஒன்றும் கோட்டை கட்ட முடியாது என்று சிரித்தார். இவர் ஆரம்பித்ததே காசுக்காக அல்ல. ஒரு முறை சர்வீஸ் சென்டர் பில்லில் மாற்றாத ஏர் ஃபில்டருக்குப் பணம் வாங்கியிருந்தார்கள். அதற்கு மேல் அந்த "கிளீனிங்", இந்த "ட்ரீட்மென்ட்" என்று நாலைந்து வரிகள். "இப்பவும் பெரிய வேலைக்கு மெக்கானிக்கிட்டதான் போறேன். ஆனா என்ன வேலைன்னு நான்தான் சொல்றேன்." இந்த ஒன்றுக்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

கடைசி வேலைக்கு அவரோடு நடந்தேன். வடித்த எண்ணெயைப் பழைய டின்னில் ஊற்றி மூடி, கையைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனார். அங்கே பின்புறம் பீப்பாய் இருக்கிறது; பழைய ஆயில் எடுப்பவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். சட்டப்படி இது அபாயகரக் கழிவு; பதிவுபெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் போய்ச் சேர வேண்டும். வீட்டில் ஆயில் மாற்றப் போகிறீர்கள் என்றால் ஸ்பேனர் வாங்குவதற்கு முன்னால் உங்கள் பேட்டையில் அந்தப் பீப்பாய் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். சாக்கடையிலோ காலி மனையிலோ தயவுசெய்து ஊற்றாதீர்கள்.