எல்லாத் தராசிலும் ஒரே கிலோ

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். முப்பது ஆண்டுகளாக அப்படித்தான் வாங்குகிறார் அந்த மாமி; மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அன்று வாழைப்பூவும் சின்ன வெங்காயமும் பைக்குள் போயாயிற்று. பணம் செலுத்த செல்போனை எடுத்தவர் திகைத்து நின்றார். வழக்கமான இடத்தில் ஸ்கேன் பொத்தானைக் காணோம். இரவோடு இரவாகச் செயலி புது முகம் பூண்டிருந்தது. பொத்தான் இருந்த இடத்தில் கடன் விளம்பரம்.

"அப்புறம் கொடுங்க, அம்மா" என்றார் கடைக்காரர். மாமியின் முகம் சுருங்கியது. கடன் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. பின்னால் நின்ற கல்லூரி மாணவி பொத்தானைத் தேடிக் கொடுத்தாள். ரகசிய எண் கேட்கும் பக்கம் வந்ததும் மாமியின் விரலுக்குத் தெம்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் மட்டும் மாறவில்லை.

மாறாததற்குக் காரணம் உண்டு. யுபிஐ செயலி எதுவானாலும் அந்தப் பக்கத்தைத் தருவது என்.பி.சி.ஐ. எனப்படும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம். செயலிக்காரர்களின் கற்பனைக்கு அங்கே வேலையில்லை. கடைகளில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்திலும் அதே கதைதான். ஒரு காலத்தில் நிறுவனத்துக்கு ஒரு கட்டம் என்றிருந்தது. இனிப் புதிதாகத் தனிக் கட்டம் கூடாது என்று 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொன்னது. இருப்பவை பொதுக் கட்டங்களாக மாற 2022 மார்ச் 31 வரை கெடு வைத்தது.

புதுமையே வேண்டாம் என்பதல்ல வாதம். 2016-இல் வந்த யுபிஐயே பெரிய புதுமைதான். பழக்கத்திலும் ஆபத்து இருக்கிறது. 'பரிசு வந்திருக்கிறது, ரகசிய எண்ணைப் போடுங்கள்' என்று அழைக்கும் மோசடிக்காரர்கள், யோசிக்காமல் முந்தும் விரலைத்தான் நம்புகிறார்கள். ஆனால் அதற்கு மருந்தும் அந்த ஒற்றுமையில்தான் கிடைக்கிறது. பணம் பெறுவதற்கு இந்தப் பக்கம் ஒருநாளும் வராது என்ற ஒரே பாடத்தை நாடு முழுவதற்கும் சொல்லித்தர முடிகிறது. செயலிக்கு ஒரு பக்கம் இருந்தால் எதைக் காட்டிச் சொல்லித்தருவது?

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு முகம், ஒரு சரக்கு, ஒரு பேச்சு. ஆனால் 1956-இல் சட்டம் போட்டு மெட்ரிக் அளவைக் கொண்டுவந்த நாட்டில் கிலோவை மட்டும் எந்தக் கடைக்காரரும் சொந்தமாக வடிவமைப்பதில்லை. அதனால்தான் புதிய கடைக்கும் மாமி துணிந்து போகிறார்.