குத்தூசி வைத்த வாசல்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் லாரி நுழைந்தால் நடப்பவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்படி ஒட்டி நின்ற இடத்தில்தான் அந்த மிளகுக் கிடங்கு. வந்திறங்கிய சாக்கில் ஒருவர் குத்தூசியைச் செருகி, விழுந்த மிளகை லிட்டர் அளவையில் நிரப்பி நிறுத்தார். 550 கிராம் நின்றால் ஒரு விலை, 500 என்றால் வேறு. பக்கத்து ஜூ டவுனில் இருக்கும் வணிகர் சங்கமான இப்ஸ்டா 1957இல் முன்பேர வணிகம் தொடங்கியது. தரம் எழுத்தில் இருந்ததால்தான் சாக்கைக் கண்ணால் காணாதவரும் விலை பேச முடிந்தது.

மாடியில் கணக்குப் பார்ப்பவர் போடிநாயக்கனூர்க்காரர். "வாங்கண்ணே" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தரகர்கள் எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்பும் பட்டியல்களை டேலி கணக்கு மென்பொருளில் ஏற்றுமுன் ஒரு நிரல் சோதிக்கிறது. அதுதான் நேரத்தைத் தின்கிறது என்பது அவர் புகார்.

இதில் இரண்டு சோதனைகள் உண்டு. திறந்த குறிச்சொல்லை மூடாவிட்டாலோ, 'அண்ட் கோ'வின் அண்ட் குறியை அப்படியே விட்டாலோ கோப்பைப் படிக்கும் பார்சர் அங்கேயே நின்றுவிடும். 1998இல் வந்த எக்ஸ்எம்எல் வரையறையே அப்படி, தவிர்க்க வழியில்லை. (இந்தத் தெருவில் அந்தக் குறி இல்லாத கடைப்பெயரைத் தேடித்தான் பிடிக்கணும்.) எடை இருக்கிறதா, தேதி தேதியாக இருக்கிறதா என்று ஸ்கீமா என்னும் விதிக் கோப்போடு ஒப்பிடுவது வேறு வேலை. செலவு அதற்குத்தான்.

அவருடைய நிரல் மூன்று முறை ஒப்பிடுகிறது: தரகரிடமிருந்து வரும்போது, கிளைக்கு மாற்றும்போது, இரவில் மொத்தமாகச் சேர்க்கும்போது. பின்னிரண்டும் அதுவே எழுதிய கோப்புகள்! போதாததற்கு ஒவ்வொரு கோப்புக்கும் ஸ்கீமாவை இணையத்திலிருந்து இறக்குகிறது. உலகத்துக்கே உள்ள நோய் இது. ஸ்கீமாவைப் போன்ற தன் டிடிடி கோப்புகளைக் கேட்டு ஒரு நாளைக்கு 13 கோடி முறை வரை கதவு தட்டப்படுவதாக 2008இல் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி புலம்பியது.

ஸ்கீமாவின் பிரதியை இங்கேயே வைத்து ஒருமுறை மட்டும் படிக்கச் சொன்னேன். பின்னிரண்டு சோதனைகளும் நிரலைத் திருத்தும் நாளில் ஓடினால் போதும்.

"அப்ப வாசல்ல இருக்கறதையும் எடுத்துரலாமாண்ணே?"

"கீழே குத்தூசியை எடுத்துருவீங்களா தம்பி?"

தவறான பட்டியல் உள்ளே போய்விட்டால் ஸ்டாக், ஜிஎஸ்டி, தரகு என்று மூன்று இடத்தில் திருத்த வேண்டும். அந்தப் பாட்டுக்குச் சோதனை நேரம் மலிவு.

ஆனாலும் போன மாதம் 500 கிலோ 5,000 என்று வந்த பட்டியல் ஸ்கீமாவில் தேறிவிட்டதாம். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண்தானே இருந்தது. கீழே மூட்டை எண்ணியவர்தான் மாடியேறி வந்து, பத்துச் சாக்குக்கு இந்தக் கணக்கு எப்படி என்று கேட்டாராம்.