வண்டி ரிப்பேரா ஸார்?

டாக்டர் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டை, வாராக் கடன் லிஸ்ட்டைப் பார்க்கும் பேங்க் மேனேஜர் மாதிரி பார்த்தார்.

"என்ன வேலை பண்றீங்க?"

"நாலஞ்சு கடைக்குக் கணக்கு எழுதறேன் ஸார். மீதி நேரத்துல பத்திரிகைக்கு எழுதறேன்."

"ரெண்டுமே உட்கார்ந்து பண்ற வேலை!" என்றார், கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தியோடு. "வயசு முப்பத்தாறு. சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது. உள்ளே கூப்பிடறதா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். தினம் எட்டாயிரம் அடி நடங்க."

வீட்டில் வந்து சொன்னேன். "எட்டாயிரம் எல்லாம் எதுக்கு? நாலு அடி போதும், நானே குடுத்து அனுப்பறேன்" என்றாள் மனைவி. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனவர்களுக்கு இந்த மாதிரி ஹாஸ்யம் பழகியிருக்கும்.

எங்கள் ஊரில் நடப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. யாரும் நடப்பதில்லை. பக்கத்துத் தெரு மளிகைக்குப் போவதென்றாலும் வண்டியை உதைப்போம். அதனால் முதல் நாள் காலை ஆறு மணிக்கு வெளுத்த டீ ஷர்ட்டும் புது கேன்வாஸ் ஷூவுமாக இறங்கியபோது, டீக்கடை பாய் கிளாஸை ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"என்ன ஸார், வண்டி ரிப்பேரா?"

பேப்பர் போடுகிற பையன் கேட்டான். எதிர் வீட்டு ரிடையர்டு வாத்தியார் கேட்டார். ஒரு நாய் மட்டும் எதுவும் கேட்கவில்லை. கூடவே வந்தது.

எங்கள் ஊர் எதுவென்று சொல்லவில்லையே. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போகிற எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்தது உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். "பாண்டி வந்தாச்சு, எழுந்திரு" என்று நண்பனைத் தட்டி எழுப்பித் தலை வாரிக்கொள்வீர்களே ஓர் இடம்... அதுதான் கோட்டக்குப்பம்!

விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகா. 2021-ல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாகப் பிரமோஷன். ஓட்டு தமிழ்நாட்டுக்கு. டெலிபோன் கோடு 0413, பாண்டியோடது. ரேஷன் இங்கே, பெட்ரோல் அங்கே. கலெக்டரைப் பார்க்க விழுப்புரம் போக வேண்டும். சினிமா பார்க்க எல்லையைத் தாண்டினால் போதும். சாலையில் தெற்கே நடந்துகொண்டே இருந்தால், ஒரு கடை போர்டில் 'கோட்டக்குப்பம்' என்று இருக்கும். கொஞ்சம் தள்ளி இன்னொரு போர்டில் 'முத்தியால்பேட்டை, புதுச்சேரி' என்று இருக்கும். நடுவில் கோடும் கிடையாது, கேட்டும் கிடையாது. மாநிலம் மாறிவிட்டது.

இன்றைக்குத்தான் இந்த அலட்சியம். 1954 நவம்பர் 1-ம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வரும் வரை இது இரண்டு தேசங்களின் எல்லை. அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், இந்தப் பக்கம் 1947 வரை வெள்ளைக்காரன். சந்தைக்குப் போய்விட்டு வந்தால் சுங்கத்தில் கூடையைக் கிளறிப் பார்ப்பார்களாம். "மூணு முழம் சீலை வாங்கியாந்தா முப்பது கேள்வி" என்று பாட்டி சொல்வாள். முதல் நாள் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டை நான் நாலு தடவை தாண்டினேன். பாஸ்போர்ட் இல்லாமல் இவ்வளவு ஃபாரின் போனவன் எங்கள் தெருவில் நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் திண்ணையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். மூட்டு தேய்ந்து, அவர் தெருமுனையைத் தாண்டி மூன்று வருஷமாகிறது.

"எங்கடா போய்ட்டு வந்த?"

"முத்தியால்பேட்டை வரைக்கும்பா."

"நடக்கறதுதான் நடக்கற, கடக்கரைப் பக்கம் போறதுதானே? தோப்பு முடியற எடத்துலேர்ந்து அலை வரைக்கும் எத்தினி அடின்னு எண்ணிட்டு வா. என் காலத்துல இருநூத்திப் பத்து."

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா இந்த மூன்று வருஷமும் வாரத்துக்கு ஒரு தடவையாவது "கடல் எப்படிடா இருக்கு?" என்று கேட்பார். நானும் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்படியேதான்பா இருக்கு" என்பேன். நான் போய்ப் பார்த்துச் சொன்னதாக அவர் நினைத்துக்கொள்வார். கடல் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே பத்து நிமிஷ நடை. ஆனால் பையன் கடல் பார்க்க வேண்டும் என்றால் வண்டியில் வைத்துப் பாண்டி பீச்சுக்குத்தான் கூட்டிப் போவேன். அங்கேதான் பஞ்சு மிட்டாய், காந்தி சிலை, சாயங்காலம் வண்டி போகாத ரோடு எல்லாம் இருக்கிறது. சொந்த ஊர்க் கடலை நான் ஒழுங்காகப் பார்த்தது சுனாமி வந்த 2004-ல். அப்போது பத்தாம் வகுப்பு.

மறுநாள் கிழக்கே திரும்பினேன். நாயும் திரும்பியது.

பெரிய சாலையை விட்டு இறங்கினால் அது வேறு ஊர். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து தொப்பியை மடித்துப் பையில் வைத்தபடி வருகிறவர்கள். வாசலில் கோலம். அதற்கடுத்த வாசலில், துபாயிலிருந்து மகன் வந்திருக்கிறான் என்பதை அறிவிக்கிற பெரிய அட்டைப் பெட்டி. வெங்காயம் வதங்கும் வாசனை ஒரு சந்தில். கருவாட்டு வாசனை அடுத்த சந்தில். முப்பத்தாறு வருஷமாக இந்த ஊர்க்காரன். ஆனால் இரண்டு இடத்தில் வழி கேட்டேன். கேட்ட இரண்டு பேரும் முதலில் பதில் சொல்லவில்லை. "வண்டி ரிப்பேரா?" என்றார்கள்.

தந்திராயன்குப்பம் வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இதை 'செரினிட்டி பீச்' என்றால்தான் தெரியும். பலகையைக் கட்டிக்கொண்டு அலை மேல் சறுக்குகிற பையன்கள், பெண்கள். கொஞ்சம் மணல் இருந்தது. மணலுக்குக் காவல் மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டு கருங்கல் சுவர். அதைத் தாண்டிப் போனால் மணல் இல்லை, கல்தான். கல்லுக்குப் பின்னால் வேர் வெளியே தெரிய ஒரு தென்னை, விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி.

தோப்பு எங்கே என்று தேடினேன். அந்த ஒற்றைத் தென்னைதான் தோப்பு!

ஃபைபர் போட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி ரிப்பேரா தம்பி?"

"இல்ல பெரியவரே, கடலைப் பார்க்க வந்தேன்."

"கிட்ட வந்து பாரு. அதுவுந்தான் ஒன்னப் பாக்க ஊருக்குள்ள வந்துகினு இருக்குது."

உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் அவர் சொல்லிக் கொடுத்ததை என் மூன்று வருஷ பி.காமில் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

கடற்கரை மணல் ஓரிடத்தில் சும்மா கிடப்பதில்லை. சோழகக் காற்று அடிக்கிற மாசங்களில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வாடையில் வடக்கிலிருந்து தெற்கே கொஞ்சம் திரும்பி வரும். போவது அதிகம், வருவது குறைவு. ஆனாலும் கரை குறையாது. ஏனென்றால் போன மணலுக்குப் பதிலாகத் தெற்கிலிருந்து புது மணல் வந்துகொண்டே இருக்கும். வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் இப்படி நம் கரையோரமாக நடக்கிறது. டாக்டர் சொல்லாமலே!

1980களின் கடைசியில் பாண்டிச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைத்தடுப்புக் கட்டினார்கள். நடந்து வந்த மணல் அங்கே நின்றுவிட்டது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே இருக்கிற பாண்டி பீச் கரைந்தது.

புரிந்துவிட்டது ஸார், எனக்குப் புரிந்துவிட்டது. டபுள் என்ட்ரி! ஒரு பக்கம் வரவு வைத்தால், இன்னொரு பக்கம் பற்று விழுந்தே தீரும். கடல் எழுதுகிற பேரேட்டில் தப்பே கிடையாது. சென்னையிலும் இதே கணக்குதான். 1870களில் அங்கே துறைமுக வேலை ஆரம்பித்த பிறகு தெற்கே மணல் குவிந்து குவிந்துதான் இன்றைய மெரினாவின் அகலம். அந்த மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிற நமக்கு, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்துக் கல் கொட்டியது ஞாபகம் வருவதில்லை. வரவுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பற்றுப் பக்கம் தெரியாது.

பாண்டியில் கரையைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். ரோடு பிழைத்தது. மணல் பசியோடு இருந்த கடல் அடுத்தபடியாக வடக்கே நகர்ந்தது. எல்லையில் நின்று, "இது தமிழ்நாடாச்சே, நம்ம ஜூரிஸ்டிக்ஷன் இல்லையே" என்று அது யோசிக்கவில்லை. எங்கள் கரையைக் கடிக்க ஆரம்பித்தது. இங்கேயும் கல் போட்டார்கள். கல்லுக்குத் தெற்கே கொஞ்சம் மணல் நின்றது. கல்லுக்கு வடக்கே அடுத்த ஊர் கரைந்தது. நடுவில் 2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல் என்று புயல்கள் வேறு, வட்டி வசூலிக்க வந்த மாதிரி.

அப்படியும் நான் விடவில்லை. "இங்க இன்னும் கொஞ்சம் கல்லு போடச் சொல்லி மனு குடுக்கலாமே பெரியவரே? நான் எழுதித் தர்றேன்" என்றேன். பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்ற கர்வம்.

அவர் ஊசியை வலையில் குத்தி நிறுத்தினார்.

"எம் மவள பொம்மையார்பாளையத்துல குடுத்திருக்கேன் தம்பி. வடக்க. இங்க கல்லு போட்டா எம் போட்டு நிக்க எடம் கெடைக்கும். ஆனா அலை அவ வூட்டாண்ட போவும். மனு எழுதித் தர்றேங்கிற. கல்லு கேக்கட்டுமா, வேணாமா? நீயே சொல்லு."

எனக்கு வாய் வரவில்லை. கணக்கில் பற்றும் வரவும் வெறும் எண்கள். அவருக்கு ஒரு பக்கம் படகு, ஒரு பக்கம் மகள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். தடுத்த மணலை எடுத்து வடக்கே அனுப்புவது என்பது பாண்டித் துறைமுகத் திட்டத்திலேயே இருந்த ஏற்பாடுதான். நினைத்தபடி அது நடக்கவில்லை. பிறகு தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் பாண்டி தலைமைச் செயலகம் எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்து, அங்கே கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. ஆஸ்திரேலியாவில் ட்வீட் என்றொரு ஆறு. கடலில் சேருகிற இடம் இரண்டு மாநிலங்களின் எல்லை, நம்மைப் போலவே. அங்கே 2001 முதல் தெற்கே சேருகிற மணலை பம்ப் வைத்து உறிஞ்சி, ஆற்றின் அடியில் குழாய் போட்டு, வடக்கே கொட்டுகிறார்கள். இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து செலவு செய்கின்றன. வரவு வைத்த இடத்திலிருந்து எடுத்துப் பற்று விழுந்த இடத்தில் கொடுப்பது. அந்தப் பெரியவரின் கேள்விக்கு எனக்குத் தெரிந்து பதில் இது ஒன்றுதான். கல் கேட்டால் பக்கத்து ஊருக்கு நஷ்டம். மணல் கேட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் திண்ணையில் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"எண்ணினியாடா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. இருநூறு என்று சொன்னால் சந்தோஷமாகக் காபி குடிப்பார். அவர் போய்ப் பார்க்கவா போகிறார்?

"தோப்பு இல்லப்பா. ஒரே ஒரு மரந்தான் இருக்கு. அதுலேர்ந்து கல்லு பதினேழு அடி. கல்லுக்கு அந்தாண்ட அலை."

அப்பா வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருநூத்திப் பத்துன்னு நான் எப்ப எண்ணினேன் தெரியுமா? ஒன்ன மொத மொதல்ல கடல் காட்டத் தூக்கிட்டுப் போனன்னிக்கு. மணல் சுட்டுச்சு. எத்தினி அடி தாங்கணும்னு எண்ணிக்கிட்டே நடந்தேன்."

நான் பிறந்தது 1989. அந்த அலைத்தடுப்புக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. அப்பா தோளில் நான் கடல் பார்த்துக் கொண்டிருந்தபோதே அந்த இருநூற்றுப் பத்து கழிய ஆரம்பித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்து அப்பாவைக் கூட்டிப் போனேன். பையனும் வந்தான். அப்பா ஒரு கையால் என் தோளையும், ஒரு கையால் பேரனையும் பிடித்துக்கொண்டு மரத்திலிருந்து கல் வரை நடந்தார். பேரன் எண்ணினான். இருபத்தி நாலு வந்தது. தாத்தா அடி சின்ன அடி.

"எழுதி வச்சிக்கோ" என்றார் அப்பா என்னிடம். "வருஷம், தேதி எல்லாம் போட்டு. இவன் பெரியவனாகிக் கேட்டா, அப்படியேதான் இருக்குன்னு சொல்லாத."

மூன்று வருஷமாக என் பதிலை அவர் எவ்வளவு நம்பினார் என்று அப்போதுதான் தெரிந்தது.

திரும்பி வரும்போது டீக்கடையில் ஆட்டோவை நிறுத்தினோம். பாய் எட்டிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்து ஸலாம் வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"என்ன ஸார், ஆட்டோல? இன்னுமா வண்டி ரிப்பேர்?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு பாய்" என்றேன். "கடல்தான் ரிப்பேர்."