மெர்டேக்காவில் போன ஆட்டம்

கொய்யாக் கிளையில் சரியான வளைவு கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த கொய்யா மரங்களில் எந்தக் கிளை எப்படி வளைகிறது என்பது எங்கள் தோட்டத்துப் பையன்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அடியில் ஒரு சாண் வளைந்து, மேலே நெஞ்சளவுக்கு நேராக ஓடும் கிளை கண்ணில் பட்டால் வெட்டித் தோல் சீவி, அடுப்புத் தணலில் வாட்டி, காலால் மிதித்து வளைவை இன்னும் கொஞ்சம் இறுக்குவோம். அதுதான் ஹாக்கி மட்டை. பந்து தீம்பாரிலேயே கிடைத்தது. பால்மரத்தின் வெட்டுக்கோட்டில் ஒட்டிக் காய்ந்திருக்கும் கோட்டுப்பாலை அறுந்துபோகாமல் நாடாவாக உரித்து, ஒரு ரப்பர்க் கொட்டையின்மேல் இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். கைக்கு அடங்கும் அளவு வந்ததும் நிறுத்திவிடலாம். கோட்டுப்பாலுக்கும் நிறுவையில் காசு உண்டு என்பதால் கங்காணி பார்த்தால் ஏசுவார், அம்மா பார்த்தால் அடியே விழும். அந்தப் பந்தின் புளித்த வாடை கையை விட்டுப் போகாது. சோறு பிசையும்போதும் மூக்கில் ஏறும்.

கோலா கங்சாரிலிருந்து சுங்கை சிப்புட் போகும் சாலையில், உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். சம்பளம் போட்ட மறுநாள் அப்பா என்னை டவுனுக்குக் கூட்டிப் போவார். பேராக் ஆற்றங்கரை, தங்கக் கும்மட்டம் வைத்த உபுதியா மசூதி, மேட்டில் சுல்தானின் அரண்மனை எல்லாம் பார்த்துவிட்டு, மாவட்ட அலுவலகத்துப் பக்கம் நிற்கும் ஒரு கிழட்டு ரப்பர் மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்துவார். பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ காலத்தில், 1877-இல் நட்ட கன்றுகளில் மிஞ்சிய மரம் அது என்பார்கள். "இதுல ஆரம்பிச்சதுதான்டா நம்ம பொழப்பு" என்று அப்பா அதன் அடிமரத்தைத் தட்டிக் காட்டுவார். தாத்தா ஒருநாளும் அந்த மரத்தைப் பார்க்க வந்ததில்லை. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் ஆயுசு முழுக்க மரத்தைப் பார்த்தவருக்கு இன்னொரு மரத்தைப் பார்க்க என்ன இருக்கிறது?

1975 மார்ச்சில் உலகக் கோப்பை ஹாக்கி கோலாலம்பூரில் நடந்தது. மூன்றாவது உலகக் கோப்பை அது. பன்னிரண்டு நாடுகள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் பத்திரிகையில் வந்த அணிப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார். கேப்டன் ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன், பத்மராஜா, பாலசிங்கம், பூன் ஃபூக் லோக், வோங் சூன் ஹின், கோல்காவலர் கைருடின் ஜைனால். பயிற்சியாளர் ஹோ கோ சாய். நம் வீட்டில் கூப்பிடுகிற மாதிரிப் பெயர்கள் நாட்டின் அணியில் வரிசையாக இருந்ததை நான் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அன்று முதல் எங்கள் ஆட்டத்தில் யார் மகேந்திரன் என்பதற்கே தினமும் அடிதடி.

மலேசியா இருந்த பிரிவு லேசானதில்லை. பாகிஸ்தான் ஒரு பக்கம், 1973-இல் கோப்பையை வாங்கிய நெதர்லாந்து இன்னொரு பக்கம். நெதர்லாந்தைப் பின்னால் தள்ளிவிட்டு மலேசியா இரண்டாம் இடம் பிடித்து அரையிறுதிக்குள் போனது. அரையிறுதியில் எதிராளி யார் என்று தெரிந்ததும் லயமே இரண்டாகப் பிரிந்தது. எதிராளி இந்தியா.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாத்தாவின் சட்டைப் பையில் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. நிரந்தரவாசி, ஆனால் குடிமகன் இல்லை. இங்கே பிறந்த அப்பாவுக்கு நீலக் கார்டு. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்கப் பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, எத்தனையோ தோட்டங்களில் குடும்பம் குடும்பமாகப் பெட்டி கட்டினார்கள். பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறி மெட்ராஸுக்குப் போனார்கள். எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுச் சின்னத்தாத்தாவின் பெரிய மகனும் அப்படித்தான் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார். சின்னத்தாத்தா என்றால் உறவு இல்லை. என் தாத்தாவோடு ஒரே கப்பலில் வந்தவர், அவ்வளவுதான். கப்பல் உறவு ரத்த உறவைவிடக் கெட்டி. தாத்தா பெர்மிட் வாங்கிக்கொண்டு அதே மரங்களையே தொடர்ந்து வெட்டினார். முப்பது வருஷத்துக்கு மேல் வெட்டிய மரத்தை வெட்ட அனுமதிச் சீட்டு.

ஆட்டத்தில் மழை குறுக்கிட்டது. நனைந்த புல்தரையில் ஆட முடியாமல் கடைசியில் மெர்டேக்கா அரங்கத்துக்கு மாற்றினார்கள். ஈரத் தரை ஹாக்கியின் வேகத்தைத் தின்றுவிடும் என்பது எங்களுக்கே தெரியும். மழை விட்ட மறுநாள் எங்கள் கோட்டுப்பால் பந்து இரண்டு எட்டு உருண்டு சேற்றில் நின்றுவிடும். இப்போது மாதிரி செயற்கைத் தரை அன்று கிடையாது. பெனால்டி கார்னர் என்றால் ஒருவர் கோட்டிலிருந்து தள்ளிவிட, இன்னொருவர் கையால் பந்தை நிறுத்த, மூன்றாமவர் ஓடிவந்து அடிப்பார். மேடு பள்ளத்தில் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது.

எங்கள் வீட்டு வானொலியை அப்பா லயத்து வாசலில் முக்காலி போட்டு வைத்தார். மலாய் வர்ணனை. அப்பா கேட்டுக் கேட்டுத் தமிழில் சொல்ல, வாசல் முழுக்க ஆட்கள். சின்னத்தாத்தா துண்டை உதறிப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். "இந்தியாடா! தயான்சந்த் ஆடின நாடு. இவனுங்களால ஆகுமா?" என்றார். அவர் பேச்சில் விளையாட்டு பாதிதான் இருந்தது. கடல் தாண்டிப் போன மகன் மீதி. அந்த நாடு ஜெயித்தால் மகனும் நல்லா இருப்பான் என்று அவருக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும். அவர் பக்கம் பேச இன்னொரு நியாயமும் இருந்தது. இந்திய அணியிலும் சென்னைப் பையன் ஒருவன் இருந்தான், விக்டர் ஜான் பிலிப்ஸ்.

தாத்தாவும் இந்தியா பக்கம்தான் இருப்பார் என்று நான் நினைத்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் காந்தியும் நேதாஜியும் மாலையோடு தொங்கினார்கள். ஊர்ப் பேச்சை எடுத்தால் விடமாட்டார். அவரோ வெற்றிலையை மடித்தபடி, "சம்முகநாதன் எப்படி ஆடுறான், அதச் சொல்லு" என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மலேசியா 2-1 என்று முன்னால் இருந்தது. எழுபது நிமிட ஆட்டத்தில் கடைசி ஐந்து நிமிடம்தான் பாக்கி. எங்கள் கூட்டத்தில் ஒருவன் எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டான். வீட்டுக்குள்ளே வேலையாக இருந்த பெண்களும் கதவோரம் வந்து நின்றார்கள். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று தாத்தா ஒவ்வொரு மூச்சுக்கும் கேட்டார். அப்போது இந்தியா மைக்கேல் கிண்டோவை வெளியே எடுத்துவிட்டு அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்பியது. இந்தியாவுக்குப் பெனால்டி கார்னர். அஸ்லம் கழுத்தில் கிடந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டு அடித்தார் என்பதை நான் பல வருஷம் கழித்துப் படித்தேன். அன்று எங்களுக்குக் கேட்டது, வானொலிக்குள் பெரும் கூட்டம் ஒன்று சட்டென்று அடங்கிப்போன சத்தம் மட்டும். அப்பா மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்தார். 3-2. முடிந்தது.

சின்னத்தாத்தா எழுந்து கையைத் தட்டினார். தாத்தா அவரைப் பார்த்து, "அஞ்சு நிமிசம். அஞ்சு நிமிசத்தப் புடிச்சு நிறுத்த முடியலையே நம்ம பசங்களால!" என்று கத்தினார். குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்தது அதற்கு முன்னால் இல்லை. பாட்டி செத்தபோதுகூடக் கோவணத்தோடு கிணற்றடியில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாரே தவிர, கண்ணில் தண்ணி வந்ததா என்று யாருக்கும் தெரியாது. அன்று துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து ஓயவில்லை. "ஒனக்கு என்னய்யா வந்துச்சு, ஒனக்குத்தான் இந்த நாடு சோப்புக் கார்டு குடுத்திருக்கே" என்று சின்னத்தாத்தா கேட்டார். சிவப்புக் கார்டை அவர் அப்படித்தான் சொல்வார், குளிக்கிற சிவப்புச் சோப்பின் நிறம் என்று. தாத்தா பதில் சொல்லவில்லை. வானொலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் அழுதேன். ஆனால் என் அழுகை மகேந்திரனுக்காக; தாத்தாவின் அழுகை எதற்காக என்று புரிய எனக்கு வயது வர வேண்டியிருந்தது. ஒரு நாடு ஒருவரை இன்னும் தன் ஆள் என்று எழுதிக்கொள்ளாதபோது, அந்த நாடு தோற்றதற்காக அவர் நெஞ்சு வெடித்து அழுதார். இதைவிடப் பெரிய குடியுரிமை விண்ணப்பத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடமும் தோற்று மலேசியா நான்காம் இடத்தோடு நின்றது. அந்த இடத்தைக்கூட அதற்குப் பிறகு நாம் தொட்டதில்லை. உலகக் கோப்பை ஹாக்கியில் மலேசியாவின் உச்சம் இன்றைக்கும் அந்த 1975தான். அந்த அணிக்காரர்களை ஒவ்வொரு உலகக் கோப்பையின்போதும் பத்திரிகைகள் தேடிப் போய் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் கேட்கும். தலை நரைத்து, பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அதே கேள்வி. நாங்கள் ஒரு ராத்திரி பட்டினி கிடந்தோம். அவர்கள் அதை ஆயுள் முழுக்கச் சுமந்தார்கள்.

மெர்டேக்கா இன்னொரு வலியும் தந்தது. 1980-இல் மலேசியக் கால்பந்து அணி அங்கேயே தென்கொரியாவை 2-1 என்று வென்று ஒலிம்பிக்குத் தகுதி பெற்றபோது, 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் கோலில் நின்ற அந்த அணி மாஸ்கோ போகவே இல்லை. ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் அரசாங்கம் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. ஆடி ஜெயித்தும் கை வெறுங்கையாகப் போவது வேறு வகை வலி. அதில் திட்ட ஒரு ஹர்சரண் சிங்கும் இல்லை.

எங்கள் கோலா கங்சாருக்கு ஹாக்கியோடு இன்னொரு கட்டும் உண்டு. நெடுங்காலம் மலேசிய ஹாக்கி சம்மேளனத்தின் தலைவராக இருந்த அஸ்லான் ஷா 1984-இல் பேராக் சுல்தானாகி அந்த மேட்டு அரண்மனைக்கு வந்தார். அவர் பெயரில் 1983-இல் தொடங்கிய கோப்பை பிறகு ஈப்போவில் நிலைகொண்டது. சொந்த மண்ணில் நடக்கும் அந்தக் கோப்பையை மலேசியா இறுதி ஆட்டம் வரை போய்ப் போய்க் கோட்டை விட்டது. 2009-இல் ஈப்போவிலேயே இந்தியாவிடம் 3-1. கடைசியில் 2022 நவம்பரில்தான் தென்கொரியாவை 3-2 என்று வென்று முதல்முறையாக எடுத்தது. சுல்தான் அதைப் பார்க்க இல்லை. 2014-இல் காலமாகி, கோலா கங்சாரிலேயே அடக்கமாகிவிட்டார்.

2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதி ஆட்டம். மறுபடி இந்தியாவும் மலேசியாவும். மலேசியப் பயிற்சியாளர் அருள் செல்வராஜ், நம் ஆள். பாதி ஆட்டத்தில் மலேசியா 3-1 என்று முன்னால். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. மூன்றாவது பகுதி முடிகிற நேரத்தில் ஒரே நிமிடத்தில் இரண்டு கோல். முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ஆகாஷ்தீப் சிங். 4-3. அரங்கம் முழுக்கத் தமிழ்க் குரல்கள் கொண்டாடின. ரஜூலா போய் இறக்கிவிட்டவர்களின் பேரன்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். என் மகன், "என்னப்பா, தெரிஞ்ச கதைதானே" என்று எழுந்து போனான். எனக்கு எழுந்திருக்க முடியவில்லை.

அந்த 1975 அரையிறுதிக்குப் பிறகு தாத்தாவும் சின்னத்தாத்தாவும் பேசிக்கொள்ளவில்லை. பெரட்டில் ஒருவர் வடக்கே பார்த்தால் இன்னொருவர் தெற்கே. பால் வாளியை ஒரே காண்டாக் கம்பில் ஏற்றிச் சுமந்தவர்கள். மார்ச் 15, சனிக்கிழமை, இந்தியாவும் பாகிஸ்தானும் இறுதி ஆட்டம். சின்னத்தாத்தா வீட்டில் வானொலி இல்லை. அவர் தன் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார், காது மட்டும் எங்கள் பக்கம். தாத்தா அப்பாவைக் கூப்பிட்டு, "அந்தப் பொட்டிய எடுத்துப் போயி அவன் வாசல்ல வை" என்றார். வைத்ததும் தானும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாகிஸ்தான்தான் முதல் கோல் போட்டது. சுர்ஜித் சிங் சமன் செய்தார். பிறகு தயான்சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து கோல்தான் என்று நடுவர் சொன்னதும் சின்னத்தாத்தாவைவிடத் தாத்தாதான் முதலில் தொடையைத் தட்டினார். 2-1. இந்தியாவுக்குக் கோப்பை.

சின்னத்தாத்தா உள்ளே போய்ச் சீனி போட்ட கோப்பி இரண்டு மங்கில் கொண்டுவந்தார். தாத்தா வாங்கிக் குடித்தார்.

"என்னய்யா, அன்னிக்கு அந்தக் கத்துக் கத்துன. இன்னிக்கு இந்தியாவுக்குத் தட்டுற?"

"எங்க பசங்கள ஜெயிச்சிட்டுப் போனவன் கோப்பையில்லாம ஊருக்குப் போனா எங்களுக்குத்தானே அசிங்கம்" என்றார் தாத்தா.