பாண்டியில் இன்னொரு பாட்டில்!

"ரெண்டு நாள் பாண்டிச்சேரி போறேன் சார்" என்று ஆபீசில் லீவ் லெட்டர் கொடுத்துப் பாருங்கள். மேனேஜர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். பக்கத்து சீட்காரர் "வரும்போது நம்மளை மறந்துடாதீங்க பிரதர்" என்று தோளைத் தட்டுவார். கடல் பார்க்க, ஆசிரமம் பார்க்க, மணக்குள விநாயகரைப் பார்க்க என்று எத்தனை காரணம் சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். பாண்டி என்றால் பாட்டில். அவ்வளவுதான்!

திண்டிவனம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் வேறொரு பாண்டி தெரியும். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே, கோரிமேட்டில், "ஜிப்மர்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். பஸ் பாதி காலி. இறங்குகிறவர்கள் கையில் பிளாஸ்க், பாய், எக்ஸ்ரே கவர். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று சுற்றுவட்டாரம் முழுக்க அந்த ஸ்டாப்பில்தான் இறங்குகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் ஆரம்பித்த மருத்துவப் பள்ளிதான் இந்த ஆஸ்பத்திரிக்குக் கொள்ளுத் தாத்தா. 1964-ல் நேரு பெயரில் ஜிப்மர் ஆனது. இன்றைக்குப் புற்றுநோய்க்கென்றே ஒரு மண்டல மையம் உள்ளே இருக்கிறது. நான் போனது அங்கேதான். பெரியப்பா பேரனுக்கு எட்டு வயது. ரத்தப் புற்றுநோய். அண்ணனுக்கும் அண்ணிக்கும் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். குடும்பத்தில் லீவ் மிச்சம் வைத்திருந்த ஒரே ஆள் நான்.

கேட்டுக்கு வெளியே டீக்கடை. டீ வருவதற்குள் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தோல் பை.

"யாருக்குத் தம்பி உடம்பு?"

அண்ணன் சொன்னார். தோல் பை திறந்தது. பாட்டில் வெளியே வந்தது. நீங்கள் நினைக்கிற பாட்டில் இல்லை. உள்ளே மாத்திரை மாத்திரையாகக் காளான் சாறு!

"சாதாரணக் காளான்னு நினைக்காதீங்க. சீனாவுல ராஜா வீட்டு மருந்து. ரெண்டே மாசம். அப்புறம் இந்த ஊசியெல்லாம் தூக்கி எறிஞ்சுடலாம். நாலாயிரம்தான்."

அண்ணன் கை சட்டைப் பைக்குப் போனது. அண்ணியின் செயின் அடகுக் கடையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். "நாளைக்குச் சொல்றோம் ஐயா" என்று இடையில் புகுந்து எழுப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி லாட்ஜ் ரூமில் கொசுவும் நானும் செல்போனும். காளானைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

பெரியவர் சொன்னது முழுப் பொய் இல்லை. சீனாவில் லிங்ஷி, ஜப்பானில் ரெய்ஷி என்று சொல்கிற காளானை அங்கே நூற்றாண்டுக் கணக்கில் மருந்தாக மதித்திருக்கிறார்கள். காளானின் செல் சுவரில் பீட்டா குளுக்கான் என்று ஒரு சங்கதி. அது உடம்பின் காவல்கார அணுக்களைத் தட்டி எழுப்புமாம். இன்னொரு வகைக் காளானிலிருந்து எடுத்த சத்தை 1977-ல் ஜப்பான் மருந்தாகவே அனுமதித்தது. ஆனால் வயிற்றுப் புற்றுநோய் போன்றவற்றுக்கு, அதுவும் வழக்கமான சிகிச்சைக்குத் துணையாகத்தான்.

சரி, ரத்தப் புற்றுநோய்க்கு? சோதனைக் குழாயில் அந்த அணுக்களைச் சில காளான் சாறுகள் கொல்கின்றன. குழாயில் வெந்நீர் ஊற்றினாலும்தான் சாகும்! மனிதர்களிடம் என்ன ஆயிற்று என்பதல்லவா கேள்வி? நார்வேயில் மைலோமா என்கிற ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் 40 பேரை வைத்து ஓர் ஆய்வு. 2015-ல் முடிவு வந்தது. சிகிச்சையோடு சேர்த்துச் சிலருக்குக் காளான் சாறு, சிலருக்கு வெறும் டூப்ளிகேட் சாறு. எதிர்ப்பு அணுக்களில் சில மாற்றங்கள் தெரிந்தன. சிகிச்சையின் பலனிலோ ஆயுளிலோ நம்பிச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. லிங்ஷி பற்றிய ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 373 நோயாளிகள், ஒன்றாக வைத்துப் பார்த்தவர்களும், இதை முதல் மருந்தாகக் கொடுக்க ஆதாரம் போதாது என்றுதான் எழுதினார்கள்.

நான் பி.காம். வராத லாபத்தை வரவில் எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு ஒதுக்கி வை என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்கள். காளான் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. லாபம் இன்னும் கைக்கு வரவில்லை. நஷ்டம் வரலாம்: ரத்தம் உறைவதை அது மந்தப்படுத்தலாம் என்று ஒரு சந்தேகம். தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்து கிடக்கிற பிள்ளைக்கு அது விளையாட்டா?

மறுநாள் பையன் தூங்கின நேரமாகப் பார்த்து அண்ணனை டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பிரெஞ்சுக்காரர்கள் 1826-ல் போட்ட தாவரவியல் பூங்கா. பெரிய பெரிய மரங்கள். ஆனால் நான் காட்ட நினைத்தது உள்ளே இல்லை. வெளியே மதில் ஓரம், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பூத்திருந்தது.

"இது சுடுகாட்டு மல்லிடா!" என்றார் அண்ணன்.

நித்தியகல்யாணி. நம் ஊரில் வீட்டு வாசலிலும் இருக்கும், சுடுகாட்டிலும் இருக்கும். 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர், சர்க்கரை வியாதிக்கு ஆகுமா என்று ஜமைக்காவிலிருந்து வந்த இதன் இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, ரத்தத்தில் வெள்ளணுக்கள் இறங்கின. அட, வெள்ளணு கன்னாபின்னாவென்று பெருகுகிற வியாதிக்கு இதுதானே வேண்டும்! அந்த வழியில் போய்த்தான் வின்கிரிஸ்டின் கிடைத்தது. 1963-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. மற்ற மருந்துகளோடு சேர்ந்து இன்றைக்கு வசதியான நாடுகளில் இந்த வகை ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

"நம்ம பையனுக்கு ஏத்தற ஊசி இதுலேருந்துதான் வந்துதுண்ணே."

அண்ணன் குனிந்து ஓர் இலையைத் தொட்டார். "அப்போ இதையே கஷாயம் வெச்சு…?"

"ஐயோ, விஷம்! டன் கணக்கில இலையை அரைச்சு, கிராம் கணக்கில மருந்து எடுத்து, மில்லிகிராம் கணக்கில ஊசி போடறாங்க. இலை மருந்தாகறதுக்கு நடுவுல அவ்வளவு தூரம் இருக்கு. காளான் இன்னும் பாதி வழியிலதான் வந்துக்கிட்டிருக்கு. ஒருநாள் வந்து சேரட்டும், கும்பிட்டு வாங்கிக்குவோம்."

சாயங்காலம் வார்டு டாக்டரம்மாவிடம் அண்ணனே பாட்டில் விஷயத்தைச் சொன்னார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எதைக் கொடுக்கறதா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லிட்டுக் கொடுங்க. ஊசியை மட்டும் நடுவுல நிறுத்திடாதீங்க" என்றார். சிகிச்சை இரண்டு வருஷத்துக்கு மேல் போகும். பாதியில் நின்றால் வியாதி திரும்பி வரும்.

அந்த நாலாயிரம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? பையனுக்கு ஒரு கிரிக்கெட் மட்டை. மீதி, அடுத்தடுத்த ஊசிக்கு வந்து போகிற பஸ் சார்ஜ், சாப்பாட்டுச் செலவு. கணக்கு நோட்டை நான்தான் எழுதுகிறேன். வரவுப் பக்கத்தை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன். அங்கே எழுத வேண்டியது ஒரே ஓர் ஐட்டம்தான். இரண்டு வருஷம் கழித்து எழுதிக்கொள்ளலாம்.